கொரோனரி சைனஸ் வாயிலும் அதன் கிளைச் சிரைகளிலும் காணப்படும் வேறுபாடுகள்: எதைக் கணக்கிட வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும்?

இதயவியல்_முதுநிலை:

மூத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம். இடது கீழறைக்கு லீட் (பேஸ்மேக்கரின் மின்கம்பி) செலுத்தி இரு கீழறைகளையும் ஒருங்கே துடிக்கவைக்கும் சி.ஆர்.டி. சிகிச்சையைக் கற்றுக்கொண்டிருக்கும் நிலையில், இதயத்தசையின் சிரை இரத்தத்தை வலது மேலறையில் சேர்க்கும் கொரோனரி சைனஸின் வாயில் உள்ள தீபேசியன் வால்வைப் பற்றி வாசிக்க வாசிக்க எனக்குக் குழப்பமே மிகுகிறது. கூறாய்வு இதயங்களை வைத்து எழுதியவர்களுள் சிலர் இந்த வால்வு பெரும்பாலானோரிடம் இருப்பதாகச் சொல்கிறார்கள், வேறு சிலர் கணிசமான பங்கினரிடம் அது இல்லவே இல்லை என்கிறார்கள், சி.டி. படங்களை வைத்து எழுதியவர்களோ இவ்விரு தரப்பினரையும்விடக் குறைவாகவே அதைக் கண்டிருக்கிறார்கள்.

எனக்கு இரண்டு கேள்விகள். ஒரே உறுப்பைப் பற்றிய எண்கள் ஏன் இவ்வளவு விலகி நிற்கின்றன? கதீட்டர் (மெல்லிய குழாய்) சைனஸுக்குள் போகாமல் நிற்கும்போது அதற்கு இந்த வால்வுதான் காரணம் என்று சொல்வது எவ்வளவு தூரம் சரி?

கூறாய்வு_மேசை:

முதல் கேள்விக்கு உடற்கூற்றியல் ஆசிரியன் என்ற முறையில் நான் பதில் சொல்கிறேன். இரண்டாவதை அன்றாடம் கதீட்டர் பிடிப்பவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

கருவில் சைனஸ் வினோசஸ் வலது மேலறைக்குள் திறக்கும் இடத்தின் இருபுறமும் இரண்டு சிரை மடிப்புகள் இருக்கும். இடது மடிப்பு மேலறை இடைச்சுவரோடு ஒட்டி அடையாளம் இழந்துவிடும். வலது மடிப்பின் மேற்பகுதி கிரிஸ்டா டெர்மினாலிஸ் என்னும் மேடாகிவிட, கீழ்ப்பகுதி இரண்டாகப் பிரிந்து, கீழ்ப்பெருஞ்சிரையின் வாயில் யூஸ்டேசியன் வால்வாகவும் கொரோனரி சைனஸின் வாயில் தீபேசியன் வால்வாகவும் எஞ்சுகிறது. எனவே இவ்விரண்டும் தனித்தனியே முளைத்த வால்வுகள் அல்ல. கரைந்துபோக வேண்டிய ஒரே மடிப்பின் மிச்சங்கள். எவ்வளவு கரைந்தது, எந்த இடத்தில் கரையாமல் நின்றது என்பது ஆளுக்கு ஆள் மாறுவதால்தான் இத்தனை வடிவங்கள் காணப்படுகின்றன. கரைதல் மிகவும் குறைந்தவர்களிடம் வலது மேலறைக்குள் வலைபோல மிதக்கும் இழைகளை 1897-இல் ஹான்ஸ் கியாரி விவரித்தார். அந்த வலைப்பின்னல் ஏறக்குறைய 2 விழுக்காட்டினரிடம் காணப்படுகிறது.

தீபேசியஸ் தமது ஆய்வேட்டை லைடனில் 1708-இல் வெளியிட்டார். அன்று முதல் இந்த வால்வைப் பலரும் எண்ணிவருகிறார்கள். ஆனால் எதை வால்வாகக் கொள்வது என்பதில் அவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. வாயின் கீழ் விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் உயரமே உள்ள மடிப்பை ஒருவர் வால்வு என்று எழுதிக்கொள்வார், மற்றவர் அதை விளிம்பு என்று விட்டுவிடுவார். வாயின் குறுக்கே ஓடும் ஒற்றை நார் வால்வா, இல்லையா? ஃபார்மலினில் கிடந்து சுருங்கிய இதயத்தில் மெல்லிய மடிப்பு சுவரோடு ஒட்டிக்கொள்ளும். சி.டி.யில் அதன் தடிமன் கருவியின் பிரிதிறனுக்குக் கீழே போய்விடும். ஆகவே அந்த எண்கள் வால்வின் இயல்பைக் காட்டுவதைவிட, எண்ணியவர் வைத்துக்கொண்ட வரையறையையே அதிகம் காட்டுகின்றன.

வடிவங்களைப் பொறுத்தவரை, பிறை வடிவ மடிப்பே மிகுதியாகக் கிடைக்கிறது. அது பெரும்பாலும் வாயின் கீழ்ப்புறத்திலும் பின்புறத்திலும் ஒட்டியிருந்து, மேற்புறத்தைத் திறந்து வைத்திருக்கும். பட்டையாகவோ நாணாகவோ குறுக்கே ஓடுவதும், துளைகள் நிறைந்த சல்லடையாக இருப்பதும், அரிதாக வாயை முழுவதும் மூடியிருப்பதும் உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் சில வெறும் மெல்லிய நார் மடிப்புகள். சிலவற்றில் மேலறைத் தசை இழைகள் உள்ளே நுழைந்திருக்கும். தடித்த தசைமடிப்பும் மெல்லிய படலமும் கதீட்டரின் நுனிக்கு ஒரே மாதிரி வழிவிடா என்பதை அட்டவணையில் ‘வால்வு உண்டு’ என்ற ஒற்றை வரி சொல்வதில்லை.

மின்தடம்:

ஆசிரியர் ஐயா சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். என் தரப்பிலிருந்து இன்னும் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன்: வால்வின் வடிவத்தை வகைப்படுத்திப் பெயரிடுவதால் சிகிச்சை அறையில் எனக்குப் பெரிய பயன் ஏதும் இல்லை. எந்த விளிம்பிலிருந்து எழுகிறது, வாயில் எவ்வளவை மறைக்கிறது, நான் எந்தத் திசையிலிருந்து வருகிறேன் என்ற மூன்றையும் சேர்த்து வைத்தால்தான் ஏதாவது தெரியும்.

பேஸ்மேக்கர் லீட் மேற்பெருஞ்சிரை வழியாக மேலிருந்து வருகிறது. பிறை வடிவ வால்வு கீழ் விளிம்பிலிருந்து எழும்போது அதன் தளர்ந்த விளிம்பு மேல்நோக்கி இருப்பதால், மேலிருந்து வரும் நுனி அந்த விளிம்பைத் தாண்டி உள்ளே விழ வாய்ப்பு அதிகம். அதே இதயத்தில் தொடைச் சிரை வழியாகக் கீழிருந்து செலுத்தும் கதீட்டர் முதலில் யூஸ்டேசியன் மடிப்பில் முட்டி, அதைத் தாண்டினாலும் தீபேசியன் வால்வின் வெளிப்புறத்தில் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒருவர் ‘எளிதாகப் போயிற்று’ என்று எழுதிய இதயத்தில் இன்னொருவர் நீண்ட நேரம் தவிப்பதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வாய் கிடைக்காதபோது வால்வின் மீது பழிபோடுவது எளிது. ஆனால் இதயச் செயலிழப்பு முற்றிய நோயாளிகளில் வலது மேலறை விரிந்து, சைனஸின் வாய் வழக்கமான இடத்திலிருந்து விலகி, அதன் உட்செல்லும் கோணமும் மாறியிருப்பதுதான் அடிக்கடி காணப்படும் காரணம். வாயையே தொடாத கதீட்டருக்கு வால்வு எப்படித் தடையாகும்? ஆகவே முதலில் இடத்தை உறுதிசெய்ய வேண்டும். வலது முன்சாய்வுக் கோண எக்ஸ்ரே படத்தில் மேலறை–கீழறைப் பள்ளத்தின் கொழுப்பு, துடிப்போடு அசையும் வெளிர் பட்டையாகத் தெரியும். வாய் அந்தப் பட்டையின் கீழ்முனைக்கு அருகில்தான் இருக்கும். ஷீத்தை (கதீட்டருக்கும் லீட்டுக்கும் வழிவிடும் உறைக்குழாயை) வலது கீழறைக்குள் கொண்டுபோய், இடஞ்சுழியாகத் திருப்பியபடி மெல்லப் பின்னால் இழுத்தால் நுனி இடைச்சுவரின் பின்பகுதியை நாடிச் செல்லும். உள்ளே மின்முனைக் கதீட்டர் வைத்திருப்பவர்கள், மேலறையின் அலையும் கீழறையின் அலையும் ஒருங்கே பதிவாகும் இடத்தைத் தேடலாம். இடது முன்சாய்வுக் கோணத்தில் நுனி முதுகெலும்பை நோக்கி நகர்ந்தால் சைனஸுக்குள் இருக்கிறோம் என்று கொள்ளலாம்.

இவையெல்லாம் பொருந்திவந்த பிறகும் நுனி ஒரே புள்ளியில் மீண்டும் மீண்டும் தட்டி நின்றால் அப்போது வால்வைச் சந்தேகிப்பது முறை. கொஞ்சம் சாய மருந்தைச் செலுத்திப் பார்த்தால், சைனஸுக்குள் கசியும் மெல்லிய கோடு வால்வின் திறந்த பக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். நுனி மழுங்கிய, வளைக்கக்கூடிய கதீட்டரை அந்தப் பக்கமாகச் செலுத்திவிட்டு, அதன் மேலே ஷீத்தை நகர்த்துவதே பாதுகாப்பானது. வெறும் ஷீத்தை வைத்துத் தள்ளுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை; சிரையின் சுவர் மெல்லியது, உட்படலம் கிழிந்து சாயம் சுவருக்குள் தேங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். அப்படிக் கிழிவது பல நேரங்களில் பெரிய விளைவின்றி முடிந்தாலும், துளையாகி, இதயத்தைச் சூழ்ந்த பெரிகார்டியம் என்னும் உறைக்குள் இரத்தம் சேரும் வாய்ப்பை மறந்துவிட முடியாது.

எக்கோ_அறை:

நோயாளியின் இடது கொரோனரி தமனிக்கு முன்பே ஆஞ்சியோகிராம் செய்திருந்தால், அந்தப் பதிவைக் கடைசிவரை ஓடவிட்டுப் பாருங்கள் என்று இங்கே சேர்க்க விரும்புகிறேன். சாயம் தமனியைக் கடந்து சிரைகளுக்குத் திரும்பும் கட்டத்தில் சைனஸின் போக்கும், வாயின் ஏறக்குறைய இடமும், பெரிய கிளைகளும் தெரியும். படம் எடுப்பவர் தமனி தெரிந்தவுடன் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டால் அந்தத் தகவல் வீணாகிவிடும். பிற்காலத்தில் லீட் தேவைப்படக்கூடிய நோயாளி என்று தெரிந்தால் இன்னும் சில நொடிகள் படம் ஓடுவது நல்லது. கூடுதல் செலவும் இல்லை, கூடுதல் சாயமும் இல்லை.

எக்கோவில் தீபேசியன் வால்வைப் பார்க்க முடியுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். உணவுக்குழாய் வழி எக்கோவில், ஆய்கருவியைச் சற்று உள்ளே நகர்த்திச் சைனஸின் நீளவாட்டத் தோற்றத்தைக் கொண்டுவந்தால், தடித்த மடிப்பு அசைவது தெரியும். மார்பு வழி எக்கோவில் வால்வைத் தேடுவது பயனற்ற வேலை என்பதே என் கருத்து. ஆனால் சைனஸ் விரிந்திருக்கிறதா என்பதை மார்பு வழியாகவே சொல்லிவிடலாம், சொல்லியும் ஆக வேண்டும். நெடுவெட்டில் இடது மேலறைக்குப் பின்னால், மேலறை–கீழறைப் பள்ளத்தில் வட்டமாகத் தெரியும் சைனஸ் பெரிதாக இருந்தால், வலது மேலறையின் அழுத்தம் உயர்ந்திருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். வழக்கமாக மறைந்துவிடும் இடது மேற்பெருஞ்சிரை மறையாமல் நிற்பது மற்றொரு காரணம்.

இந்த இடது மேற்பெருஞ்சிரை பொதுமக்களில் ஏறக்குறைய 0.3 முதல் 0.5 விழுக்காட்டினரிடம் இருக்கிறது. பிறவி இதயக் குறைபாடு உள்ளவர்களிடம் பல மடங்கு மிகுதி. இடது கையின் சிரையில் குலுக்கிய உப்புநீரைச் செலுத்தினால் குமிழ்கள் முதலில் சைனஸிலும் பிறகு வலது மேலறையிலும் தோன்றும். வலது கையில் செலுத்தும்போது, வலது மேற்பெருஞ்சிரை வழக்கம்போல இருந்தால், நேரே வலது மேலறையில்தான் தோன்றும். இடது கைக் குமிழ்கள் இடது மேலறையில் முதலில் தோன்றினால் சைனஸுக்கும் இடது மேலறைக்கும் இடையிலுள்ள சுவர் இல்லாத, ‘கூரையற்ற’ வகையை நினைக்க வேண்டும். அப்போது சிரை வழியாகப் போகும் எந்தக் காற்றுக் குமிழும், எந்த இரத்தக் கட்டியும் மூளைக்குப் போகக்கூடும் என்பதால் சிகிச்சைத் திட்டமே மாறிவிடும்.

இதயவியல்_முதுநிலை:

விரிவான விளக்கங்களுக்கு நன்றி. வாயைத் தாண்டி உள்ளே போன பிறகும் கைடுவயர் (வழிகாட்டும் மெல்லிய கம்பி) ஓரிடத்தில் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அது வியூசன்ஸ் வால்வு என்று சொன்னார்கள். அதற்கும் இதே விதி பொருந்துமா? இடது கீழறையின் பக்கச்சுவருக்குப் போகும் கிளை எல்லோரிடமும் இருக்கிறது என்று நம்பலாமா?

கூறாய்வு_மேசை:

வியூசன்ஸ் வால்வு, பெரிய இதயச் சிரை கொரோனரி சைனஸாக மாறும் எல்லையில் அமைந்தது. இடது மேலறையின் சாய்வுச் சிரை, அதாவது மார்ஷல் சிரை, வந்து சேரும் இடமும் ஏறக்குறைய அதுவே என்பதால், சைனஸின் தொடக்கத்தை எதை வைத்துக் குறிப்பது என்று உடற்கூற்றியலார் இன்னும் வாதிடுகிறார்கள். வால்வு இல்லாதவர்களும் உண்டு; இருந்தால் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு மெல்லிய இதழ்கள். இதன் இதழ்கள் சைனஸை நோக்கித் திறக்கின்றன. இரத்தம் ஓடும் திசைக்கு எதிராகப் போகும் கைடுவயர் இதழின் குழிவுக்குள் சிக்கிக்கொள்வது அதன் அமைப்பிலேயே இருக்கிறது. அதோடு, அந்த இடத்தில் சிரை இதயத்தின் இடது ஓரத்தைச் சுற்றித் திரும்புவதால் வளைவும் சேர்ந்துகொள்கிறது. தடை எதனால் என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம்.

இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிளைச் சிரைகள் சைனஸில் சேரும் வாய்களிலும் சிறு வால்வுகள் உண்டு. நடு இதயச் சிரையின் வாயிலும் இடது கீழறையின் பின்சிரையின் வாயிலும் அவற்றை அடிக்கடி காணலாம். பாடநூல்களில் அவை ஒரு வரிக்கு மேல் இடம்பெறுவதில்லை.

மின்தடம்:

நடைமுறையில் வியூசன்ஸ் வால்வு அச்சுறுத்தும் பொருள் அல்ல. மென்மையான நுனியுள்ள கைடுவயரைச் சற்றுத் திருப்பி, கொஞ்சம் பின்னிழுத்து, மறுபடி செலுத்தினால் பெரும்பாலும் வழிவிடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சிரைப் படம் எடுக்க பலூனை ஊதிச் சைனஸை அடைக்கும்போது, பலூன் எங்கே நிற்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பலூன் ஒரு கிளையின் வாயைத் தாண்டி உள்ளே நின்றால் அந்தக் கிளை படத்தில் வராது. ‘பக்கச்சுவர்ச் சிரை இல்லை’ என்று முடிவுகட்டிவிடுவார்கள். பலூனை வெளியே கொண்டுவந்து மறுபடி ஒரு படம் எடுத்த பிறகே ‘இல்லை’ என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டும். சாயம் எதிர்த்திசையில் கிளைக்குள் நுழைய வேண்டியிருப்பதால், வாயில் வால்வுள்ள கிளை இருந்தும் தெரியாமல் போவதும் நிகழும். சிரைகளுக்கிடையே இணைப்புகள் இருப்பதால், பிந்தைய நொடிகளில் பக்கத்துக் கிளை வழியாகச் சுற்றிவந்த சாயம் அதை நிரப்பிக் காட்டும்.

நம்பலாமா என்ற கேள்விக்கு: நம்பக்கூடாது. நடு இதயச் சிரையும் முன் இடைக்கீழறைச் சிரையும் ஏறக்குறைய எல்லோரிடமும் உண்டு. ஆனால் நமக்கு வேண்டியவை அவற்றுக்கு இடையிலுள்ள பகுதியின் கிளைகள், அதாவது இடது விளிம்புச் சிரையும் பின்சிரையும். மாறுபாடும் அங்கேதான் அதிகம். ஒருவரிடம் இரண்டும் நன்றாக இருக்கும். இன்னொருவரிடம் ஒன்று மட்டும், அதுவும் நூல்போல. வேறொருவரிடம் நடு இதயச் சிரையின் பக்கக் கிளை ஒன்று வளர்ந்து அந்தப் பரப்பை வடித்துக்கொண்டிருக்கும். பக்கச்சுவரில் மாரடைப்பு வந்து தழும்பான இதயங்களில் இடது விளிம்புச் சிரை இல்லாமலோ மெலிந்தோ போயிருப்பதைச் சி.டி. ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தழும்பின் மேல் லீட் வைப்பதால் பயனில்லை என்பதும் சேர்ந்துகொள்கிறது.

எந்தக் கிளை என்பதைவிட அந்தக் கிளையில் எவ்வளவு தூரம் போகிறோம் என்பதும் பார்க்க வேண்டியது. மேடிட்-சி.ஆர்.டி. ஆய்வின் நோயாளிகளை வைத்து 2011-இல் வெளியான பகுப்பாய்வில், முன்சுவர், பக்கச்சுவர், பின்சுவர் என்ற வேறுபாட்டைவிட, லீட் நுனி இதயத்தின் முனைப்பகுதியில் அமைந்ததுதான் மோசமான விளைவோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. லீட் நிலைத்து நிற்பதற்காக அதைக் கிளையின் கடைசிவரை தள்ளி ஆப்பு அடித்தாற்போல் நிறுத்தும் பழக்கத்தை அது கேள்விக்குள்ளாக்கியது. நான்கு மின்முனை கொண்ட லீட்கள் வந்த பிறகு, நுனி உள்ளே ஊன்றி நின்றாலும் அடிப்பகுதிக்கு அருகிலுள்ள முனையிலிருந்து தூண்ட முடிகிறது. உதரவிதான நரம்பு துடிக்கும் சிக்கலையும் முனையை மாற்றித் தவிர்க்கலாம். சிரை எதுவும் ஒத்துவராதபோது இடது கட்டுக்கிளைப் பகுதியை இடைச்சுவர் வழியாகத் தூண்டும் முறை இருக்கிறது. 2017-க்குப் பிறகு அது பரவிவருவதால், கொரோனரி சைனஸோடு மல்லுக்கட்டும் நேரம் குறைந்திருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

குளிர்க்கரைசல்:

இதய அறுவைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். உரையாடல் லீட்டைச் சுற்றியே ஓடுவதால் எங்கள் கவலைகள் வெளியே நிற்கின்றன.

பின்னோக்கிக் கார்டியோபிளீஜியாவுக்கு, அதாவது அறுவையின்போது இதயத்தை நிறுத்திக் காக்கும் கரைசலைச் சிரை வழியாக எதிர்த்திசையில் செலுத்த, வலது மேலறைச் சுவர் வழியாகப் பலூன் நுனிக் குழாயைச் சைனஸுக்குள் வைக்கிறோம். தடித்த தீபேசியன் வால்வு அந்தக் குழாயைத் திருப்பிவிடுவது உண்டு. விரலால் பள்ளத்தின் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டோ, உணவுக்குழாய் எக்கோவில் பார்த்துக்கொண்டோ செலுத்துகிறோம். ஆனால் எங்களுக்கு உள்ளே போகாத குழாயைவிட, அளவுக்கு மீறி உள்ளே போன குழாய்தான் அதிக ஆபத்து. நடு இதயச் சிரையும் சிறு இதயச் சிரையும் வாய்க்கு மிக அருகில் சேர்கின்றன. சிலரிடம் அவை சைனஸில் சேராமல் நேரே வலது மேலறையிலேயே திறந்துவிடும். பலூன் அவற்றின் வாயைத் தாண்டி நின்றால் இடைச்சுவரின் பின்பகுதிக்கும் வலது கீழறைக்கும் கரைசல் போதாது. வலது கீழறையின் முன்சிரைகள் எப்படியும் நேரே வலது மேலறைக்குள் வடிவதால், பின்னோக்கி முறையில் வலது கீழறைப் பாதுகாப்பு இயல்பாகவே குறைவு. குழாயின் இடம் தவறினால் அந்தக் குறைவு இரட்டிப்பாகும். அழுத்தத்தை 40 மி.மீ. பாதரசத்துக்கு மேல் போகவிடாமல் பார்க்கிறோம். அழுத்தம் திடீரென்று உயர்ந்தால் குழாய் கிளையொன்றின் வாயில் முட்டி நிற்கிறது என்றும், உயரவே இல்லையென்றால் மேலறைக்குள் நழுவியிருக்கலாம் அல்லது இடது மேற்பெருஞ்சிரை வழியாகக் கரைசல் தப்பித்துப் போகிறது என்றும் எடுத்துக்கொள்கிறோம்.

எக்கோ_அறை அம்மா சொன்ன இடது மேற்பெருஞ்சிரைக்கு இன்னொரு பக்கம் உண்டு. அறுவையின்போது அதைத் தற்காலிகமாக இறுக்குவதோ, சில திருத்தங்களில் நிரந்தரமாகக் கட்டிவிடுவதோ வழக்கம். ஆனால் மிக அரிதாகக் கொரோனரி சைனஸின் வாய் பிறவியிலேயே அடைபட்டிருக்கும். இதயத்தசையின் சிரை இரத்தம் எதிர்த்திசையில் இடது மேற்பெருஞ்சிரையில் மேலேறி, குறுக்குச் சிரை வழியாக வலப்புறத்துக்கு வந்து சேரும். அந்த இதயத்தில் இடது மேற்பெருஞ்சிரையைக் கட்டினால் தசையிலிருந்து இரத்தம் வெளியேறும் முதன்மை வழியை நாமே மூடியவர்களாவோம். தசை வீங்கி, இதயம் செயலிழக்கும். கட்டுவதற்கு முன் ஓட்டத்தின் திசையை உறுதிசெய்யாமல் கத்தரியை எடுக்கக்கூடாது.

இதயவியல்_முதுநிலை:

இந்தக் கோணத்தை எந்த வகுப்பிலும் கேட்டதில்லை, ஐயா. அப்படியானால் எல்லா நோயாளிகளுக்கும் முன்கூட்டியே சி.டி. சிரைப் படம் எடுத்துவிடுவது நல்லது அல்லவா?

எக்கோ_அறை:

என் துறைக்காக வாதாடுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை: முடிந்தவரை எடுக்க வேண்டும் என்பதே என் நிலை. தமனிக்காக எடுக்கும் சி.டி.யிலேயே கட்டத்தைச் சில நொடிகள் பின்தள்ளினால் சிரைகள் நிரம்பிய படம் கிடைக்கும். வாயின் கோணம், அகலம், கிளைகளின் இருப்பிடம், தமனிக்கும் சிரைக்கும் உள்ள உறவு ஆகியவை ஒரே தொகுப்பில் கிடைத்துவிடும்.

தமனி உறவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வின் கசிவைக் குறைக்கச் சைனஸுக்குள்ளேயே இறுக்கும் சாதனத்தை வைக்கும் முறையில், சைனஸ் மைட்ரல் வளையத்தை ஒட்டி ஓடுகிறது என்பதே அடிப்படை எண்ணம். உண்மையில் பலரிடம் அது வளையத்துக்கு மேலே, இடது மேலறைச் சுவரின் பின்னால் ஓடுகிறது. அதோடு, சுற்றுத் தமனி பெரும்பாலானோரில் ஏதோ ஓரிடத்தில் சிரைக்கும் வளையத்துக்கும் இடையே நுழைந்து செல்கிறது. சாதனத்தை இறுக்கினால் தமனியும் இறுகக்கூடும். இது கைப்பழக்கத்தால் கடக்கக்கூடிய வேறுபாடு அல்ல. முன்பே தெரிந்தால்தான் நோயாளியைக் காப்பாற்றலாம்.

மின்தடம்:

மைட்ரல் சாதனத்துக்குச் சி.டி. வேண்டும் என்பதில் மறுப்பில்லை. சி.ஆர்.டி.க்கு எல்லோருக்கும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. இந்த நோயாளிகளில் பலருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. சிலருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் மேலறைத் தாளக்கோளாறால் படம் மங்குகிறது. மல்லாந்து படுத்து மூச்சைப் பிடிக்கவே முடியாதவர்களும் உண்டு. சிகிச்சை அறையில் எடுக்கும் சிரைப் படம் எப்படியும் தேவைப்படுகிறது. முதல் முயற்சி தோற்றவர்கள், பிறவிக் குறைபாட்டுக்கு முன்பே அறுவை செய்துகொண்டவர்கள், எக்கோவில் சைனஸ் விரிந்து தெரிபவர்கள் என்ற மூன்று கூட்டத்தாருக்குச் சி.டி. எடுத்தால் பெரும்பகுதிப் பயன் கிடைத்துவிடும். நான்காவதாக, வலி தீராத ஆஞ்சைனாவுக்கு (இதயத்துக்கு இரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலிக்கு) சைனஸைச் சுருக்கும் மணற்கடிகை வடிவச் சாதனம் வைப்பதற்கு முன்பும் எடுக்கலாம். அங்கே சைனஸின் விட்டமும், நடு இதயச் சிரை சேரும் இடமும் தெரியாமல் சாதனத்தை எங்கே நிறுத்துவது என்று முடிவுசெய்வது கடினம். 2015-இல் வெளியான கோசைரா ஆய்வில் 104 நோயாளிகளில், ஆஞ்சைனாவின் கடுமை இரண்டு வகுப்புகளாவது குறைந்தவர்கள் சாதனம் பெற்றோரில் 35 விழுக்காடு, போலிச் சிகிச்சை பெற்றோரில் 15 விழுக்காடு. அந்தச் சாதனம் கழுத்துச் சிரை வழியாக மேலிருந்து போவதால் தீபேசியன் வால்வைப் பற்றி நான் மேலே சொன்ன திசைக் கணக்கு அங்கேயும் பொருந்தும்.

அப்லேஷன் (தவறான மின்பாதையைச் சுட்டு அழிக்கும் சிகிச்சை) செய்வோருக்கும் ஒரு வரி. இடைச்சுவரின் பின்பகுதியில் அமைந்த கூடுதல் மின்பாதை, உட்புறத்தில் எவ்வளவு சுட்டாலும் அடங்காதபோது, நடு இதயச் சிரையிலோ சைனஸிலிருந்து பிதுங்கும் பையிலோ அது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிரைப் படம் எடுக்காமல் அந்தப் பையைக் கண்டுபிடிப்பது அரிது. அங்கே சுடும்போது வலது கொரோனரியின் பின்கிளை சில மில்லிமீட்டர் தொலைவில் ஓடுகிறது என்பதால் தமனிப் படமும் சேர்ந்தே தேவை.

கூறாய்வு_மேசை:

மார்ஷல் சிரையைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. 1850-இல் ஜான் மார்ஷல் விவரித்த இந்தச் சிரை, மறைந்துபோன இடது மேற்பெருஞ்சிரையின் எச்சம்தான். மேலே பேசிய முழுச் சிரையும் இந்த நூல்போன்ற சிரையும் ஒரே அமைப்பின் இரு கோடிகள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நிலைத்துவிட்டவர்களுக்கு இதற்குள் எத்தனால் செலுத்தும் முறையை வீனஸ் ஆய்வு 2020-இல் சோதித்தது. 343 நோயாளிகளில், அப்லேஷனோடு எத்தனாலும் பெற்றவர்களில் 49.2 விழுக்காட்டினரும், அப்லேஷன் மட்டும் பெற்றவர்களில் 38 விழுக்காட்டினரும் ஒரே சிகிச்சையில் தாளக்கோளாறின்றி இருந்தார்கள். சிரை மெலிந்தோ அடைபட்டோ இருப்பவர்களிடம் செலுத்த வழியே இல்லை என்பதால், அம்முறையின் பயனுக்கு உடற்கூறே எல்லை வகுத்துவிடுகிறது. வியூசன்ஸ் வால்வு இருந்தால் மார்ஷல் சிரையின் வாயைத் தேட அது நல்ல அடையாளம். லீட்காரர்களுக்குத் தடையாக நிற்பது இவர்களுக்கு வழிகாட்டியாகிறது.

இதயவியல்_முதுநிலை:

கடைசியாக ஒரு கேள்வி. எங்கள் பிரிவின் சிகிச்சைக் குறிப்பில் ‘சைனஸ் வாய் கடினம்’ என்று மட்டுமே எழுதும் வழக்கம் இருக்கிறது. அடுத்து வருபவருக்குப் பயன்படும்படி என்ன எழுத வேண்டும்?

மின்தடம்:

எந்தச் சிரை வழியாக வந்தீர்கள், நுனி எந்தக் கோணத்தில் எங்கே தடுக்கப்பட்டது, சாயம் எந்தப் பக்கமாக உள்ளே கசிந்தது, கடைசியில் எந்தக் கதீட்டர் போயிற்று என்று எழுதுங்கள். வால்வைக் கண்ணால் பார்க்காமல் ‘தீபேசியன் வால்வு தடுத்தது’ என்று எழுத வேண்டாம். தடையை மட்டும் எழுதுங்கள். சிரைப் படத்தில் பலூன் நின்ற இடத்தைக் குறிப்பிட்டு, எந்தக் கிளைகள் நிரம்பின, எவை பிந்தி நிரம்பின என்று சேர்த்தால், பேட்டரி மாற்றும்போதோ லீட்டை மறுபடி வைக்கும்போதோ வருபவர் அதே படத்தை மீண்டும் எடுக்க வேண்டியிருக்காது.

எக்கோ_அறை:

அத்துடன் எக்கோ அறிக்கையில் சைனஸின் விட்டத்தையும் ஒரு வரியாகக் கேட்டு வாங்குங்கள். கேட்காதவரை பெரும்பாலானோர் அதை அளப்பதில்லை.

குளிர்க்கரைசல்:

இடது மேற்பெருஞ்சிரை இருந்தால் அதில் ஓட்டம் கீழ்நோக்கியா மேல்நோக்கியா என்பதையும் அதே வரியில் எழுதச் சொல்லுங்கள்.